காய்ந்த வித்து செத்த வித்து

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கிவிட்டுப் போன மறுநாள் காலையில், குலசேகரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளைக்குள் நுழைய வழியில்லாமல் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அப்பா கையால் நட்டு வளர்த்த மரங்களில் பாதிக்கு மேல் நடுத்தண்டில் ஒடிந்தும் வேரோடு சாய்ந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒடிந்த இடங்களிலிருந்து வடிந்த பால் மழைநீரில் கலந்து மண்ணெல்லாம் வெளுத்திருந்தது. அதற்கு அப்பால், விளையின் மேற்கெல்லையாக ஓடும் ஓடையின் கரையில், நான்கு மரங்கள் மட்டும் கிளைகளை இழந்தும் அடி அசையாமல் நின்றன. இரண்டு நாங்கு, ஓர் அயினி, ஒரு வெள்ளைக் குங்கிலியம். 1980களில் நிலத்தைத் திருத்தி ரப்பர் வைத்தபோது, கரை இடியாமல் இருக்கட்டும் என்று அப்பா வெட்டாமல் விட்டுவைத்த மரங்கள் அவை. சிறுவயதில் அந்த அயினியின் பழத்தைப் பொறுக்கித் தின்று, கொட்டையை அடுப்பில் சுட்டுத் தின்றிருக்கிறேன். ஆனால் அது எங்கள் விளைக்கு முன்பு அங்கே நின்ற ஒரு காட்டின் மிச்சம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சாய்ந்த மரங்களை விறகுக்கு விற்று, மீதி நிலத்தில் மறுபடியும் ரப்பர் வைத்தோம். அதைத் தவிர வேறு வருமானம் எங்களுக்கு இல்லை. ஓடையோரத்து முப்பது சென்ட் நிலத்தில் மட்டும் ரப்பர் வைக்காமல், அந்த நான்கு மரங்களுக்குத் துணையாக அவற்றின் இனத்து மரங்களையே வளர்ப்பது என்று முடிவு செய்தேன். நிலம் இருக்கிறது, மழை இருக்கிறது, கன்று வாங்கி நட்டால் முடிந்தது என்று அப்போது நினைத்தேன். கன்று கிடைக்கவில்லை. விசாரித்த நாற்றங்கால்களில் தேக்கும் மகாகனியும் வேங்கையும் இருந்தன. நாங்கு இரண்டொரு இடத்தில் இருந்தது. வெள்ளைக் குங்கிலியம் என்ற பெயரைச் சொன்னதும் சாம்பிராணி போடும் பொருளா என்று கேட்டார்கள். காரணம் புரிய எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

கன்னியாகுமரி என்றாலே கடல் என்று நினைப்பவர்களுக்கு, ஏறத்தாழ 1,670 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தச் சிறிய மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில், அதாவது 402 சதுர கிலோமீட்டர், கானுயிர்ச் சரணாலயம் என்பது வியப்பாக இருக்கக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிவதற்குமுன் கடைசியாகத் தலைதூக்கும் 1,654 மீட்டர் உயர மகேந்திரகிரி முதல், அசம்பு, வீரப்புலி, கிளாமலை, வேளிமலை என்று எங்கள் பக்கத்துக் குன்றுகள்வரை அது பரந்து கிடக்கிறது. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழையும், துலாமழை என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கும் நிலம் என்பதால் வறண்ட மாதங்கள் இங்கே குறைவு; பசுமை மாறாக் காடு நிலைக்க அதுதான் முதல் காரணம். இந்தக் காடு அடங்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், கேரளப் பகுதியையும் சேர்த்து 3,500 சதுர கிலோமீட்டர். 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே பதிவான 2,254 வகை உயர்தாவரங்களில் ஏறத்தாழ 400 வகை ஓரிட வாழ்விகள், அதாவது குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தில் மட்டுமே வளர்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கும் இங்கே வாழ்கிறது. மலையின் மறுபுறம் திருநெல்வேலிச் சீமையில் 1976இல் களக்காடு சரணாலயம் அமைந்ததே பெரிதும் அந்தக் குரங்கைக் காக்கத்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று மறைந்துவிடுகிறது. மலையின் மேற்பகுதிக் காடு பெருமளவுக்குத் தப்பிப் பிழைத்தது. அடிவாரத்து மழைக்காடு பிழைக்கவில்லை. 1860களில் அசம்பு மலையில் காப்பித் தோட்டம் போட வந்த ஆங்கிலேயர்கள் தொடங்கிவைத்த வேலை அது. காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தேயிலையும் கிராம்பும் வந்தன. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை கோதையாற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை நீருக்குள் கொண்டுபோனது. அந்த அணையால்தான் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைந்தன என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின் 1960களில் வனத்துறையே காட்டு நிலத்தில் ரப்பர் பயிரிட்டது. 1984இல் அதற்காக அரசு ரப்பர் கழகம் ஏற்பட்டு, கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று தோட்டங்கள் நிலைபெற்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவை வாழ்வு தந்தன. எங்களைப் போன்ற சிறு விவசாயிகளும் அவற்றைப் பார்த்தே ரப்பர் வைத்தோம். ரப்பர் நன்றாக வளரும் உயரமும், குங்கிலியமும் கோங்கும் நாங்கும் சேர்ந்து நின்ற தாழ்மலைக் காட்டின் உயரமும் ஒன்று. ஆகவே தாழ்மலைக் காடு இப்போது ஓடைக்கரைகளிலும், கோயில் காடுகளான காவுகளிலும், காணிக்காரர் எனும் மலைப் பழங்குடியினரின் குடியிருப்புகளைச் சுற்றியும்தான் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. விதை வேண்டுமென்றால் அந்தத் துண்டுகளில் நிற்கும் தாய்மரங்களிடம்தான் போக வேண்டும்.

கன்று கிடைக்காததால் விதை சேர்க்கத் தொடங்கினேன். 2018 இடவப்பாதி தொடங்கிய வாரத்தில் எங்கள் ஓடைக்கரைக் குங்கிலியம் காய்களை உதிர்த்தது. ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. பழுப்புத் தோல் மூன்றாகப் பிளந்து உள்ளே கொழுத்த பருப்பு தெரிந்தது. ஒரு கூடை பொறுக்கினேன். விதை என்றால் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும் என்பது நெல்லிலும் பயறிலும் நான் கற்ற பாடம். மழை விட்ட நேரமெல்லாம் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டு, சாம்பல் புரட்டி, சாக்கில் கட்டிப் புகைக்கூண்டுக்கு அருகே தூக்கிவைத்தேன். ஆவணியில் மண் நிரப்பிய பைகளில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கிளறி எடுத்தபோது பருப்பு கறுத்துச் சுருங்கிக் கல்லாகியிருந்தது. மரம் கிழடாகிவிட்டது, வித்தில் உயிர் இல்லை என்று நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு வைகாசிக் கடைசியில், பேச்சிப்பாறை மேலுள்ள ஒரு காணிக் குடியிருப்பிலிருந்து மிளகும் சிறுதேனும் விற்க எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஓர் அக்கா, முற்றத்தில் நான் மறுபடியும் குங்கிலிய விதையைப் பரப்பியிருந்ததைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் குனிந்து, ஈரமாக இருந்த நாலைந்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “வெயிலத்து போட்டா இது செத்துப்போவும் தம்பி. காஞ்ச வித்து செத்த வித்தாக்கும். இது விழுந்தன்னைக்கே பெறக்கி, ஈரம் போவாம மண்ணுல கெடத்தணும்.” அவர் எடுத்துவைத்ததில் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். கூர்முனையில் வெள்ளை நிறத்தில் ஒரு முளை, அரிசி நீளத்துக்கு, ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. நான் வெயிலில் பரப்பியிருந்தவை முளைத்துக்கொண்டிருந்த உயிர்கள்.

அறிவியல் சொல்வதும் இதையேதான் என்பதைப் பின்னால் படித்து அறிந்தேன். வறண்ட நிலத்து மரங்களின் விதை தன் ஈரத்தை இழந்து உறங்கிக் கிடக்கும். மழைக்காக மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில்கூடக் காத்திருக்கும். மழைக்காட்டு மரங்களில் பலவற்றுக்கு அந்த உறக்கம் இல்லை. எப்போதும் ஈரமான தரையில் விழும் விதைக்குக் காத்திருக்கும் அவசியம் நேர்ந்ததில்லை. ஆகவே அது உயிர்ப்போடு, ஈரத்தோடு, விழுந்த சில நாட்களில் முளைத்துவிடும் ஆயத்தத்தோடு விழுகிறது. உலரவைத்தால் உள்ளிருக்கும் உயிரணுக்கள் சிதைந்துவிடும். குளிரூட்டியில் வைத்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. கோங்கின் சிறகுள்ள சிறு விதைக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேலே ஆயுள். குங்கிலியத்துக்குச் சில வாரம். நெல்லையும் கேழ்வரகையும் சேமித்துவைப்பதுபோல் இந்த விதைகளை விதை வங்கியில் சேமிக்க முடியாது. இந்தக் காட்டின் விதை வங்கி அந்தக் காடேதான்.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. என் கருத்தில் முக்கியமானது அதுதான். விதையைச் சேமிக்க முடியாதென்றால், விழும் நாளில் மரத்தடியில் ஒருவர் இருந்தாக வேண்டும். எந்த மரம் எந்த ஆண்டு காய்க்கும், மழைக்கு எத்தனை நாள் முன்போ பின்போ உதிர்க்கும், பன்றியும் முள்ளம்பன்றியும் தின்று தீர்ப்பதற்குள் யார் போய்ச் சேருவது என்பவை, நாகர்கோவிலிலோ சென்னையிலோ ஒரு மேசையில் போடப்படும் ஆண்டுத் திட்டத்துக்குள் அடங்குபவை அல்ல. மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவு காய்ப்பதில்லை. ஓராண்டு கொட்டும், மூன்றாண்டு வெறுமனே நிற்கும். நிதி மார்ச்சில் வந்து, குழி ஏப்ரலில் தோண்டி, ஜூனில் கன்று நடும் வழக்கமான மரநடு திட்டத்துக்குத் தேக்கும் மகாகனியுமே ஏற்றவை. நாற்றங்காலில் குங்கிலியம் இல்லாததற்கு இதுவே காரணம். மழைக்காட்டை மீட்க வேண்டுமானால், அதற்குள் குடியிருப்பவர்களின் நாட்காட்டிக்கு ஏற்பத் திட்டம் வளைய வேண்டும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் அப்பாவை நான் பாட்டா என்றே அழைக்கிறேன். இளவயதில் மேல்கோதையாறு மின்திட்ட வேலைக்குச் சுமை தூக்கப் போனவர். முத்துக்குழிவயல் பக்கத்துக் காட்டில் வெடிப்பலா மரம் காய்க்கும் காலத்தைக் குரங்கின் சத்தத்தை வைத்தே சொல்லும் திறமை அவருக்கு உண்டு. வெடிப்பலா என்பது முள்தோல் போர்த்த காய்களைக் கிளையோடு ஒட்டிக் காய்க்கும் மேல்மலை மரம். சோலைமந்திக்கு அதன் பூவும் காயும் உயிர்நாடி. கருமந்தியும் மலையணிலும் அதைத் தின்னும். எங்கள் விளையிலும் வெடிப்பலா வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். பாட்டா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அது குளிருக்கொள்ள மரமாக்கும் சாரே, கீழ நிக்காது” என்றார். வயதில் இளையவனாயினும் என்னை அவர் சாரே என்றுதான் அழைப்பார். பலமுறை வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. எந்த மரம் எந்த உயரத்துக்குரியது, எது வெயில் தாங்கும், எது மூன்று ஆண்டு நிழலில் கிடந்த பிறகே வெளிச்சம் கேட்கும் என்று அவர் சொன்னவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கருமந்தியை லேகியத்துக்காகக் கேட்டு வந்த வியாபாரிகளுக்கு வழிகாட்டி அனுப்பிய நாட்களைப் பற்றியும் அவர் மறைக்காமல் சொன்னார். ஒரு குரங்குக்கு ஒரு வாரத்து அரிசி கிடைத்த காலம் அது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை குற்றமாயிற்று. ஆயினும் அது உண்மையில் குறைந்தது, குடியிருப்புப் பையன்களே வேட்டைத் தடுப்புக் காவலர்களாகச் சேர்ந்து கண்ணிகளை அறுத்தெறியத் தொடங்கிய பிறகுதான் என்று அவர் கருதுகிறார்.

2020இல் அக்காவும் அவர் குடியிருப்பைச் சேர்ந்த ஆறு பெண்களும் சேர்ந்து ஒரு சிறு நாற்றங்கால் தொடங்கினார்கள். பெரிய செலவொன்றும் இல்லை. ஈற்றை எனும் மெல்லிய காட்டுமூங்கில் கழி நட்டு, மேலே தென்னோலை முடைந்து போட்ட ஒரு பந்தல். ஓடையிலிருந்து ஒரு குழாய். உயரமான கறுப்புப் பைகள். சாதாரண நாற்றுப் பை போதாது. குங்கிலியத்தின் ஆணிவேர் இலை விரியும் முன்பே ஒரு முழம் இறங்கிவிடும். குட்டைப் பையில் அது சுருண்டால் மரம் ஒருநாளும் நிமிராது. விழுந்த விதையை வட்டாக்கூடையில் ஈர இலை பரப்பி அதன்மேல் ஒற்றை அடுக்காக வைத்துக் கொண்டுவருகிறார்கள். புழு துளைத்தது, கனமில்லாதது இரண்டையும் தண்ணீரில் போட்டுக் கழிக்கிறார்கள். மிதப்பது ஆகாது. முளை தெரியும் விதையைப் பையில் வைக்கும்போது முளை கீழ்நோக்கி இருக்க வேண்டும், பாதி விதை மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும். இதை அக்கா எனக்குச் சொல்லித் தரவில்லை. என் கையிலிருந்த விதையை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு அடுத்த பைக்குப் போனார். அதைப் பார்த்துக் கற்றேன்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிக்கிய மழைக்காட்டுத் துண்டுகளை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டுவருகிறார்கள். களையை அகற்றாமல் கன்று நட்டால் வீண் என்பதும், அந்த இடத்துக்குரிய பல இனங்களைக் கலந்து நட வேண்டும் என்பதும் அவர்கள் வேலையைப் பற்றிப் படித்தறிந்தவை. எங்கள் விளையில் முதல் எதிரி கம்யூனிஸ்ட் பச்சை எனும் களைச்செடி. வெட்டிய மாதத்தில் மறுபடி ஆளுயரம் நிற்கும். எங்களுக்கென்று கிடைத்த ஓர் அனுகூலம் ரப்பர் நிழல். சுட்டெரிக்கும் வெட்டவெளியில் மழைக்காட்டுக் கன்று கருகும். புயலில் தப்பிய ரப்பர் மரங்களின் கீழ் வைத்தவை தழைத்தன. தை மாசியில் ரப்பர் இலை உதிர்க்கும்போது மட்டும் ஓலை சாத்தி மறைத்தோம். இந்தக் காட்டை அழித்து வந்த மரமே அதன் கன்றுகளுக்கு நிழல் தருகிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

2021இல் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. அந்த ஆண்டு குடியிருப்பைச் சுற்றியுள்ள கோங்கு மரங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு நன்றாகக் காய்த்திருந்தன. பெண்கள் இரண்டு நாள் பொறுக்கி, ஈரச்சாக்கில் கட்டி, கீழே ஒருவர் நிலத்தில் நாங்கள் தொடங்க நினைத்த இரண்டாவது நாற்றங்காலுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் சாக்கை நிறுத்திவிட்டார்கள். காட்டிலிருந்து கொண்டுபோகும் பொருளுக்குச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். கேட்டவர் தன் கடமையைச் செய்தவர். மோசமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான்காம் நாள் சாக்கு திரும்பக் கிடைத்தது. யாரோ நல்லெண்ணத்தில், நனைந்துபோய்விட்டதே என்று அதை அவிழ்த்து வெயிலில் உலர்த்திக் கட்டியிருந்தார்கள். சாக்கைத் திறந்து ஒரு கை அள்ளிப் பார்த்த அக்கா அதை அப்படியே கீழே போட்டுவிட்டுக் காட்டை நோக்கி நடந்துவிட்டார். அந்த மரங்கள் அதற்குப் பிறகு இதுவரை அதுபோல் காய்க்கவில்லை.

அந்த நான்கு நாளைப் பற்றி யோசித்தபோதுதான் சட்டத்தை எடுத்து வாசித்தேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினருக்குச் சிறு வனப்பொருள்மீது சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை தருகிறது. விதை அதற்குள் அடங்கும். வழிவழியாகக் காத்துவரும் சமுதாய வன வளத்தைப் பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் நிர்வகிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் அது சொல்கிறது. அதன் ஐந்தாம் பிரிவு, காட்டையும் கானுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே வழங்குகிறது. தமிழ்நாட்டில் வழக்கு காரணமாக உரிமைச் சான்று வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016க்குப் பிறகே நகர்ந்தது. நகர்ந்தபோதும், வீட்டுக்கும் விளைநிலத்துக்குமான தனிநபர் உரிமை பேசப்பட்ட அளவுக்குச் சமுதாய உரிமை பேசப்படவில்லை. சாக்கோடு ஒரு கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இருந்திருந்தால், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்படி சாவடியில் இருந்தவருக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், கோங்கு பிழைத்திருக்கும்.

இப்படிச் செய்யலாகும் என்பதற்கு மலைக்கு வடக்கே சான்று உண்டு. கேரளத்தின் வாழச்சாலில் காடர் மக்கள், ஒருகாலத்தில் குஞ்சுக்காகத் தாங்கள் ஏறிய அதே மரங்களில், இருவாச்சிக் கூடுகளைக் கண்டு காவல் காத்துக் கணக்கெடுக்கிறார்கள். 2014இல் அங்கே ஒன்பது காடர் குடியிருப்புகளுக்குச் சமுதாய வன வள உரிமை கிடைத்தது. அதிரப்பள்ளி அணைத் திட்டத்தை எதிர்க்க அவர்கள் அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் நின்றார்கள். இருவாச்சியைக் குறிப்பிடக் காரணம் உண்டு: மழைக்காட்டின் பெரிய கொட்டைப் பழங்களை விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போடும் பறவை அது. அந்தப் பறவை போய்விட்டால், பழம் தின்னும் விலங்குகளை நம்பிப் பரவும் மரங்களின் விதை தாய்மரத்தடியிலேயே குவிந்து மடியும்.

காணிக்காரரின் அறிவுக்கு உலகம் மதிப்பளித்த ஒரு நிகழ்வு எங்கள் மலையின் மேற்குச் சரிவில் நடந்தது. 1987இல் அகத்தியமலையில் ஆய்வுக்குச் சென்றவர்களுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடாயிற்று. அறிவுக்கு உரியவருக்குப் பங்கு கொடுத்த முன்னோடி முயற்சியாக அதை உலகெங்கும் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் காப்புக்காட்டுக்குள்ளிருந்து அந்தச் செடியைப் பறிக்கவும் வளர்த்து விற்கவும் காணி மக்களுக்குத் தடையில்லாத வழி கிடைக்கவில்லை. அறிவுக்குப் பங்கு கொடுத்தவர்கள் செடியின்மீது உரிமை கொடுக்கத் தயங்கினார்கள். எங்கள் சாக்கு நின்ற இடமும் அதுதான்.

எங்களைப் போன்ற ரப்பர் விவசாயிகளின் பக்கமும் சொல்லப்பட வேண்டும். 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று உத்தரவிட்டபோது, எங்கள் ஊரில் பலர் இரவு தூங்கவில்லை. 2023 ஏப்ரலில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது, அச்சம் தளரவில்லை. பக்கத்து விளைக்காரர், எனக்கு அண்ணன் முறை, வேலியில் சாய்ந்துகொண்டு என் கன்றுகளைப் பார்த்துச் சொன்னார்: “நீ காட்ட வளத்தா நாளைக்கி நம்ம விளையையும் காடுன்னு எழுதிப்போடுவானுவ மக்களே.” அவரை அறியாதவர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. வீடு கட்ட, மரம் வெட்ட, கிணறு தோண்ட யாரிடம் கேட்க வேண்டும் என்ற தெளிவில்லாமல், வரைபடம் வேறெங்கோ வரையப்பட்டு வரும்போது, காடு என்ற சொல்லே நிலத்தைப் பறிக்கும் சொல்லாகக் காதில் விழுகிறது. அந்தப் பயத்தினால்தான் ஓடைக்கரைகளில் எஞ்சிய பழைய மரங்களைப் பலர் அவசரமாக வெட்டி விற்றார்கள். பாதுகாக்கப் போட்ட உத்தரவு மரத்தை வீழ்த்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த 2023ஆம் ஆண்டே ஜூன் மாதம், சின்னக்கானலில் பிறந்து, பெரியாற்றுக்கு மாற்றப்பட்டு, கம்பம் நகருக்குள் நுழைந்த அரிக்கொம்பன் யானையைப் பிடித்துக் கொண்டுவந்து, மேல்கோதையாற்றின் முத்துக்குழிவயலில் விட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் சிற்றாறு, பத்துக்காணி பக்கத்தில் ஆடுமாடுகளை அடித்த புலியின் பீதியில், பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போக அஞ்சினார்கள். விடியுமுன் வெட்டாத மரம் போதிய பால் தராது என்பதால் அது நேரடியான கூலியிழப்பு. யானையையோ புலியையோ நான் வெறுக்கவில்லை. அவற்றுக்கும் சேர்த்துத்தான் கன்று வைக்கிறேன். ஆனால் யானை எங்கே விடப்படும் என்பதைப் பாட்டா தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். முத்துக்குழிவயலில் அந்தப் பருவத்தில் யானைக்குத் தீனி எது, ஈற்றைக்காடு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பார்.

கிராம சபைத் தீர்மானத்துக்காக அக்காவும் மற்றப் பெண்களும் நானும் சேர்ந்து ஒரு வரைவு எழுதினோம். அதில் மூன்றே செய்திகள்: குடியிருப்பைச் சுற்றியுள்ள தாய்மரங்களின் பட்டியல், உதிர்ந்த விதையில் பாதியை விலங்குகளுக்கு மரத்தடியிலேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பது என்று பெண்களே வகுத்த விதி, விதை கீழே போகும் நாளை முன்கூட்டியே சாவடிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. பாதியை விட வேண்டும் என்ற விதியை நான் எழுதச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றை விட்டால் போதாதா என்றுகூட நான் கேட்டேன். அதற்கு அக்கா, பன்றிக்கு முள்ளம்பன்றிக்கு எலிக்கு என்று மூன்று விரலை மடக்கிக் காட்டி, பிறகு மண்ணுக்கு என்று நான்காவதையும் மடக்கினார்.

முப்பது சென்டில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகள் நிற்கின்றன. குங்கிலியம் ஆளுயரம் தாண்டிவிட்டது. நாங்கு மெதுவாக வளரும் மரம், இடுப்பளவே இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு இருமுறை செந்தளிர் விடுகிறது. முதல் மூன்று ஆண்டில் வைத்தவற்றில் பாதி போய்விட்டது: பன்றி தோண்டியது கொஞ்சம், வெயில் கருக்கியது கொஞ்சம், பெருவெள்ளம் கரையோடு கொண்டுபோனது மீதி. சென்ற வைகாசியில் அயினி பழுத்திருந்தபோது இரண்டு சாம்பல் இருவாச்சிகள் வந்து மூன்று நாள் தங்கின. வேலிக்கு அப்பால் நின்று பார்த்த பக்கத்து விளை அண்ணன், தன் ஓடைக்கரைக்கும் பத்து கன்று கேட்டிருக்கிறார். குங்கிலியம் வேண்டாம், அயினி போதும் என்றார். நாற்றங்காலில் அயினி இப்போது இல்லை. பழம் விழ இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று பாட்டா நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். இந்த ஆண்டு கோடைமழை முந்தியதால் ஒருவேளை பத்து நாளிலேயே விழக்கூடும் என்றும், கூடையைத் தயாராக வைக்கும்படியும் சொன்னார்.